அத்தையை ஊருக்கு அனுப்பலாமா?

கேள்வி: 2020 மார்ச் 17 ராத்திரி, மறுநாள் எல்லையை மூடப்போகிறார்கள் என்றதும், வேலை போய்விடுமே என்று நானும் கணவரும் துணிப்பையோடு ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய்விட்டோம். இரண்டு வாரம்தானே என்று நினைத்தோம். மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. குளுவாங்கில் மாமியார்தான் வளர்த்தார். 2022 ஏப்ரலில் பாதை முழுதாகத் திறந்த பிறகே வீடு திரும்பினோம். இப்போது எல்லாரும் மாசாயில் இருக்கிறோம். நாங்கள் இருவரும் தினமும் சிங்கப்பூர் போய் வருகிறோம். மகளுக்கு ஆறு வயது. அடிபட்டால் பாட்டியிடம்தான் ஓடுகிறாள். நான் தூக்கினால் விறைத்துக்கொள்கிறாள். லீவு நாளில் என்னிடம் மட்டும் கத்துகிறாள், கடிக்கிறாள். அத்தையைக் குளுவாங்குக்கு அனுப்பிவிட்டால் என்னோடு ஒட்டிக்கொள்வாளா?
— ஒரு வாசகி, மாசாய்

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்கள் மகள் ஏற்கெனவே ஒருமுறை பெற்றோரைப் பிரிந்தவள். பாட்டியும் போய்விட்டால், 'யாரை நம்பினாலும் போய்விடுவார்கள்' என்பதுதான் அவள் மனத்தில் பதியும்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லண்டனில் எடுத்த ஒரு படம் 1952இல் வெளிவந்தது. இரண்டரை வயதுகூட ஆகாத லோரா என்ற சிறுமி எட்டு நாள் பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்ததைப் பதிவு செய்த படம் அது. பிரிந்த குழந்தை முதலில் அழுது போராடும், பிறகு சோர்ந்துபோகும், கடைசியில் தாய் வந்தாலும் கண்டுகொள்ளாததுபோல் இருந்துவிடும் என்று அவர் விளக்கினார். லோராவுக்கு எட்டு நாள். உங்கள் மகளுக்கு இரண்டு வருடம். அந்த விறைப்பு பிடிவாதமல்ல, பாட்டி கொடுத்த செல்லமும் அல்ல. இன்னொரு முறை வலிக்காமலிருக்க அவள் கற்றுக்கொண்ட தற்காப்பு. அத்தனை காலமும் அவளுக்கென்று ஒரு மடி இருந்ததே, அது பெரிய பாக்கியம். ஒருவரை நம்பத் தெரிந்த குழந்தைக்கு இன்னொருவரையும் நம்ப வரும்.

கத்தலும் கடியும் உங்களிடம் மட்டும் என்கிறீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை பிறக்கிறது. வேண்டாதவர்களிடம் குழந்தை இவ்வளவு பாடுபடாது. நான் இப்படி இருந்தாலும் அம்மா இருப்பாளா என்று பார்க்கிறாள். கடிக்கும்போது கையை விலக்கிவிட்டு, "கடிக்க விடமாட்டேன், ஆனால் இங்கேயேதான் இருப்பேன்" என்று சொல்லி, பக்கத்திலேயே உட்காருங்கள். கோபத்தில்கூட "பேச்சு கேட்கலன்னா சிங்கப்பூருக்கே போயிடுவேன்" என்று சொல்லாதீர்கள். மற்ற குழந்தைகளுக்கு அது வெறும் மிரட்டல். இவளுக்கு அது நடந்த கதை.

விடிகாலை நாலரைக்கு, அவள் தூங்கும்போதே கிளம்புகிறவராக இருப்பீர்கள். முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள்: "நீ எழுந்திருக்கும்போது அம்மா வேலைக்குப் போயிருப்பேன், ராத்திரி வந்துவிடுவேன்." மணிக்கணக்கு சொல்ல வேண்டாம், குடிநுழைவு வரிசையும் பாலத்து நெரிசலும் உங்கள் கையில் இல்லை. தாமதமானால் பஸ்ஸிலிருந்தே போன் பண்ணி அவளிடமே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டிப்பிடிக்க அவசரப்படாதீர்கள். குளித்துவிட்டு, கால்மணி நேரம் போனை எடுக்காமல் அவள் விளையாட்டில் அவள் சொல்படி உட்கார்ந்தால் போதும். தினமும் நடக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இதற்கெல்லாம் அத்தையின் உதவி வேண்டும். மகள் அழுதுகொண்டு அவரிடம் ஓடினால், அவர் தேற்றட்டும்; நீங்களும் அருகில் போய் உட்காருங்கள். "அம்மாகிட்ட காட்டு, அம்மா மருந்து போடுவா" என்று பாட்டி வாயால் வருவது, நீங்கள் நூறு முறை அழைப்பதைவிட மேல். சொந்தக்காரர்கள் முன்னால் "உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்ற கேள்வியை யாரும் கேட்க விடாதீர்கள்.

வலித்தாலும் பாட்டி உட்பட யாரிடமும் போகாமலிருப்பது, முன்பின் தெரியாதவரோடு தயங்காமல் கிளம்பிவிடுவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் சொல்லி, குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்கக் கடிதம் வாங்குங்கள். ஆட்டிசமோ கேட்கும் திறனில் குறையோ இருக்கிறதா என்றும் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் தாலியான் காசே உதவி எண்ணான 15999-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

மாற்றம் வாரக்கணக்கில் வராது, மாதங்கள் ஆகும். இன்று ராத்திரி அத்தையோடு உட்கார்ந்து பேசுங்கள். அவரைப் போகச் சொல்வதற்காக அல்ல, இருந்து உதவச் சொல்லிக் கேட்பதற்காக.