படப் பட்டியலில் காணாமற்போகும் பில்லும் இரட்டிக்கும் பில்லும்

கொள்முதல் பில்களைச் செல்போனில் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது, சேலம் லீ பஜார் மொத்தக் கடைக்கும் ராசிபுரம் சிறு மளிகைக் கடைக்கும் ஒருங்கே பயன்படும் பழக்கம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை, ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். தெர்மல் தாளில் அடித்த பில்லோ அதற்கு முன்பே வெளுத்துவிடும். படம் காணாமற்போனால் உள்ளீட்டு வரி வரவுக்கு நம் கையிலுள்ள ஆதாரம் குறையும். இரட்டித்தால் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் கொடுக்க நேரும்.

லைட்ரூம், டிஜிகேம் போன்ற படப் பட்டியல் மென்பொருள்கள் படத்தைத் தம்முள் வைத்துக்கொள்வதில்லை. அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற விலாசத்தையே குறித்து வைக்கின்றன. அதாவது, இவை இருப்புப் பதிவேடு. சரக்கு இருப்பது கிடங்கில். இது விளங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

காணாமற்போனால்:

1. பட்டியலுக்கு வெளியே ஃபோல்டரின் பெயரையோ இடத்தையோ மாற்றியிருப்போம். லைட்ரூமில் ஃபோல்டர் மீது கேள்விக்குறியும் படத்தின் மீது ஆச்சரியக்குறியும் தோன்றும். புதிய இடத்தைக் காட்டிக் கொடுத்தால் போதும். மீண்டும் இறக்குமதி செய்தால் அதுவே இரட்டிப்புக்கு வழி.

2. தனி ஹார்ட் டிஸ்கைச் செருகும்போது விண்டோஸ் அதற்கு வேறு எழுத்தைக் கொடுத்திருக்கலாம். பழைய எழுத்தையே மீண்டும் கொடுத்தால் படங்கள் திரும்பிவிடும்.

3. 2017க்குப் பின் வந்த ஐபோன்கள் புதிய வகைக் கோப்பாகப் படத்தைச் சேமிக்கின்றன. பழைய மென்பொருள்கள் சில அதைப் படிப்பதில்லை. போனின் கேமரா அமைப்பில் ஜேபெக் வகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

4. கேமராவின் நான்கிலக்க எண் 9999ஐத் தாண்டினால் மறுபடி 0001 ஆகும். ஒரே ஃபோல்டரில் நாமே நகலெடுக்கும்போது, பழைய கோப்பின் மேல் புதியதை எழுதலாமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். சம்மதித்தால் பழைய பில் போனது போனதுதான். மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் வைத்தால் இந்த ஆபத்து குறையும்.

இரட்டித்தால்:

லைட்ரூம் கோப்பின் பெயர், படமெடுத்த நேரம், கோப்பின் அளவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே இரட்டையைத் தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் மூன்றுமே மாறிவிடும். எடுத்த நேரக் குறிப்பும் அழிந்துவிடும். எனவே ஒரே பில் போனிலிருந்து ஒருமுறை, வாட்ஸ்அப்பிலிருந்து ஒருமுறை என இரு படங்களாக நுழைகிறது. ஏப்ரல் மாத பில் ஜூன் மாதத்தில் போய் உட்காரவும் செய்யும். படத்தைக் கேபிள் வழியே நேராக ஏற்றுவதே நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பியே தீரவேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

டிஜிகேமில் உருவ ஒற்றுமையை வைத்து இரட்டைகளைத் தேடும் வசதி உண்டு. இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஒரே மண்டியின் பில்கள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். நாமக்கல் முட்டைக்கு இன்று வந்த பில்லும் நேற்று வந்த பில்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பில் எண், தேதி, தொகை மூன்றும் பொருந்தினால் மட்டுமே ஒன்றை நீக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஏற்றி முடித்ததும், அன்றைய காகித பில்கள் எத்தனை, பட்டியலில் ஏறிய படங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பல பக்க பில் என்றால் பக்கத்தை எண்ணுங்கள். கணக்கு ஒத்துப்போன பிறகு, வேறொரு டிஸ்கிலும் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனிலிருந்து அழிக்க வேண்டும். பட்டியலை மட்டும் நகலெடுத்தால் விலாசம்தான் மிஞ்சும். படங்களையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். காகித பில்லையும் கட்டிப் பத்திரமாக வைத்திருப்போம். லாரியிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணாமல் நாம் கையெழுத்துப் போடுவதில்லை. பில் படத்துக்கும் அந்த வழக்கமே போதும்.