விசைப்படகுக்குப் புதிய அவுட்டிரைவும் எண்ணெய்ச் சுக்கானும்

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நமது சங்கத்து அன்பர் ஒருவரின் விசைப்படகுக்குப் புதிய அவுட்டிரைவும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சுக்கானும் பொருத்தும் வேலையில் நானும் கைகொடுக்க நேர்ந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டிய எனக்குப் படகு புதிது. ஆனாலும் அச்சு அச்சுதான், பேரிங் பேரிங்தான். தண்டவாளத்தின் மேல் ஓடினால் என்ன, தண்ணீரில் ஓடினால் என்ன என்ற துணிவில் இறங்கிவிட்டேன். அந்தத் துணிவு ஓரிடத்தில் என் காலை வாரியும் விட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அவுட்டிரைவ் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். மீன்பிடி வள்ளங்களின் பின்புறம் எஞ்சினும் விசிறியும் ஒன்றாகச் சேர்ந்து தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். பெரிய படகுகளில் எஞ்சின் நடுவயிற்றில் இருக்க, நீண்ட அச்சு ஒன்று அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு விசிறிக்குப் போகும். அவுட்டிரைவ் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. எஞ்சின் படகுக்குள்ளே, பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதன் சக்தி பின்பலகையில் உள்ள பெரிய துளை வழியாக வெளியே வந்து, மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி கூம்புப் பல்சக்கரங்களால் இரண்டு முறை திசை திரும்பி விசிறியை அடையும். வெளியே தொங்கும் இந்தக் கால் முழுவதும் இடமும் வலமும் திரும்பும். அதனால் தனியே சுக்கான் பலகை தேவையில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அதை மேலே தூக்கியும் கொள்ளலாம். இதைச் சந்தையில் வெற்றிபெறச் செய்தது வால்வோ பென்டா நிறுவனம். அமெரிக்கரான ஜிம் வின் என்பவரின் யோசனையைக் கொண்டு அவர்கள் செய்த அக்வாமேட்டிக் 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1961-இல், மெர்க்ரூசர் போட்டிக்கு வந்தது.

நண்பரின் படகு 22 அடி நீளம், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பழைய படகாக, வங்கிக் கடனில் வாங்கியது. தூண்டில் போடுவோரையும் சுற்றிப் பார்ப்போரையும் ஏற்றிச் செல்வார். அந்த ஆண்டு பிப்ரவரியில் மாண்ட்வா பக்கமிருந்து ஆறு பேரோடு திரும்பும்போது எஞ்சின் திடீரென்று ஓலமிட்டது, படகோ நகரவில்லை. மும்பைத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் மாறும். வற்று நேரத்தில் இழுப்பு அதிகம். நங்கூரம் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஒரு மீன்பிடி வள்ளம் இழுத்துவர, கரை சேர்ந்தார்கள். அந்த ஆறு பேரில் நண்பரின் பேத்தியும் ஒருத்தி.

பழுது பார்க்க வந்தவர், "வெளி யூனிட் போய்விட்டது. புதிது வாங்கி மாட்டினால் ஒரு நாள் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நண்பர் பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் என்னிடம் சொன்னார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பழையது ஏன் போயிற்று?" ரயில்வேயில் ஒரு பெட்டியின் அச்சு சூடேறினால், புதுப் பேரிங்கைப் போட்டு அனுப்பிவிட முடியாது. சூடேறிய பேரிங்கை மேசைமேல் வைத்து, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "சார், இதற்கெல்லாம் போஸ்ட்மார்ட்டமா?" என்று நண்பர் சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

படகு உரண் பக்கம் கரஞ்சாவில் ஒரு கொட்டகையில் கரையேறி நின்றது. யூனிட்டைக் கழற்றியதுமே சாட்சிகள் வரிசையாக வந்தன. வெளிக்காலுக்கும் பின்பலகைக்கும் நடுவே துருத்தி போன்ற ரப்பர் பெல்லோஸ் ஒன்று இருக்கிறது. லாரியின் அச்சில் இருப்பது போன்ற யுனிவர்சல் ஜாயின்ட் அதற்குள்தான் சுழல்கிறது. பெல்லோஸின் மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ளே உப்புத் தண்ணீர் புகுந்து ஜாயின்டும் அதற்கடுத்த பேரிங்கும் துருப்பிடித்துக் கரகரத்தன. வெளி யூனிட்டின் கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்ததற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். பெல்லோஸ் கிழிவது வெறும் இயந்திரப் பழுது அன்று. அந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கிழிசல் பெரிதானால் பேரிங்கைத் தாண்டித் தண்ணீர் படகுக்குள்ளேயே வரும். கட்டிப் போட்ட இடத்திலேயே படகு மூழ்கிவிடும்.

ஆனால் படகை அன்று நடுக்கடலில் நிறுத்தியது எஞ்சினின் பின்புறம் இருந்த கப்ளர். அச்சின் பள்ளங்கள் போய் உட்காரும் அதன் பற்கள் கத்தி முனைபோல் தேய்ந்து, சுற்றிலும் செந்துருப் பொடி. அச்சும் கப்ளரும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் நெடுநாள் உரசியதன் அடையாளம் அது. சரி, கோடு ஏன் விலகியது? எஞ்சினின் பின்பக்கம் பின்பலகையோடு பிணைந்தது. முன்பக்கம் இரண்டு தாங்கிகளின்மேல் நிற்கிறது. வலப்பக்கத் தாங்கிக்குக் கீழிருந்த நெடுக்குக் கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். மேலே கண்ணாடியிழைப் பூச்சு பளபளவென்று இருக்க, உள்ளே மரம் ஊறின பிஸ்கெட்டுபோல் இருந்தது. எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. ஒரு நாள் வேலையாகப் புது யூனிட்டை மாட்டியிருந்தால், அதையும் இதே எஞ்சின் தின்றிருக்கும்.

கட்டையை வெட்டி எடுத்து, புது மரம் வைத்து, கண்ணாடியிழையும் எப்பாக்ஸியும் இட்டுக் கட்ட மழையின் ஈரத்தில் மூன்று வாரம் பிடித்தது. பிறகு நேர்கோடு பார்க்கும் படலம். இதற்கென்றே ஒரு நீண்ட உருண்டைக் கம்பி இருக்கிறது. அதைப் பின்பலகைத் துளை வழியாக, புதுப் பேரிங்கைத் தாண்டி, கப்ளருக்குள் செலுத்த வேண்டும். இரண்டு விரல் தள்ளலில் போய்வந்தால் சரி. சுத்தியல் தேவைப்பட்டால் சரியில்லை. கம்பியின் முனையில் கிரீஸ் தடவி உள்ளே விட்டு எடுத்தால் பற்களின் பதிவு தெரியும். சுற்றிலும் சமமாக விழ வேண்டும். எங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் அழுந்திப் பதிந்தது. முன்தாங்கி நட்டுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொரு முறையும் கப்ளரைக் கால் வட்டம் திருப்பி வைத்துத் திரும்பப் பார்த்தும் ஒரு முழுப் பகல் போயிற்று. இதைச் செய்யும்போது படகின் அடித்தளம் தாங்குகட்டைகளின்மேல் சீராக உட்கார்ந்திருப்பது முக்கியம். தொங்கலாக நின்றால் உடல் சற்றே வளைந்து கணக்கைக் கெடுக்கும்.

அதன்பின் யூனிட்டை மாட்டுவது எளிது. புதிதின் பல்விகிதம் பழையதற்குச் சமமா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். பெல்லோஸின் கிளிப்புகள் சரியான பள்ளத்தில் உட்கார வேண்டும். அச்சின் ரப்பர் வளையங்களுக்கு எண்ணெய், பற்களுக்கு கிரீஸ். கியரைப் போட்டு விசிறியைக் கையால் மெல்லத் திருப்பினால் பற்கள் தாமே வழிவிடும். ஆறு நட்டுகளையும் எதிரெதிராக, படிப்படியாக, கையேட்டில் கண்ட 50 அடி-பவுண்டு முறுக்குக்கு இறுக்கினோம். கியர் எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கிவிடும்.

இனி சுக்கான். பழையதில் இரும்புக் கேபிள் துருவேறி, சக்கரத்தைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. எண்ணெய் முறையில் சக்கரத்தின் பின்னால் ஒரு சிறு பம்ப், இரண்டு குழாய், பின்னால் ஒரு சிலிண்டர், அவ்வளவுதான். பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். பிராமா 1795-இல் அதைக்கொண்டு அழுத்து இயந்திரம் செய்தார். உதாரணமாகச் சிலிண்டரின் உள்விட்டம் 30 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 7.07 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தத்தில் ஏறத்தாழ 495 கிலோ தள்ளுவிசை கிடைக்கும். 20 சென்டிமீட்டர் நகர 141 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். பம்ப் ஒரு சுற்றுக்கு 28 தந்தால் 5 சுற்று. எதிர்த்திசையில் 12 மில்லிமீட்டர் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் 119 போதும், 4¼ சுற்று. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுற்றுகிறதே என்று நண்பர் பயந்தார். பழுது அன்று, கணக்குதான். எஞ்சினோடு பவர் உதவி உள்ள படகுகளுக்குச் சிலிண்டர் வேறு வகை. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் அநேகமாக அமுங்காது, காற்று அமுங்கும். 70 கிலோ அழுத்தத்தில் காற்று எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குழாயில் 10 கன சென்டிமீட்டர் காற்று தங்கினால் சக்கரத்தின் மூன்றிலொரு சுற்று வீணாகும். எங்கள் பழைய வேக்குவம் பிரேக்கில் எங்காவது காற்று புகுந்தால் பிரேக் தானே பிடித்து வண்டி நின்றுவிடும். பழுதும் பத்திரத்தின் பக்கமே சாயும். படகுச் சுக்கானில் அந்தக் கருணை கிடையாது. எண்ணெய் ஒழுகினால் சக்கரம் சும்மா சுற்றும், படகு தன் போக்கில் போகும். ஆகவே ஒருவர் பம்பில் எண்ணெயைக் குறையவிடாமல் ஊற்ற, இன்னொருவர் பின்னால் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து, குமிழி அடங்கும் வரை இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். முடிவில் சக்கரத்தைக் கடைசிவரை திருப்பி அழுத்திப் பிடித்துப் பம்பின் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. இதற்குரிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். கார் பிரேக் எண்ணெய் ரப்பர் சீல்களை அழித்துவிடும்.

நான் சறுக்கியது இங்கேதான். மட்டம் இறங்கவில்லை, ஆனால் சிலிண்டர் கோடிக்குப் போய் நின்ற பிறகும் சக்கரம் மெல்ல நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு மாலை விழித்தேன். கொட்டகையில் வேலை செய்யும் கோலி இளைஞன் ஒருவன் வந்து எட்டிப் பார்த்து, "காகா, மரையில் வெள்ளை டேப் சுற்றினீர்களா?" என்று கேட்டான். சுற்றித்தான் இருந்தேன். ஆண்டுக்கணக்காகக் குழாய் மரையென்றால் டெஃப்லான் டேப் சுற்றிய கை. கையேடு அதைக் கூடாது என்கிறது. திரவ அடைப்பான்தான் பூச வேண்டும். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் பம்பின் ஒருவழி வால்வில் தலைமுடி அளவு டேப் நூல் ஒன்று சிக்கியிருந்தது. கடலில் அது நடந்திருந்தால் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அக்டோபரில் படகு நீரில் இறங்கியது. இவருடைய எஞ்சினுக்கு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4,400 முதல் 4,800 சுற்று என்று குறித்திருக்கிறார்கள். ஆறு பேரோடு 4,100-தான் வந்தது. 21 அங்குலப் பிட்ச் விசிறியைக் கழற்றி 19 போட்டதும் 4,450 ஆயிற்று. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பொதுக் கணக்கு.

வெளிக்கால் அலுமினிய வார்ப்பு. உப்புநீரில் அது அரிக்கப்படாமலிருக்கத் தன்னைப் பலிகொடுக்கும் துத்தநாக அனோடுகளைப் பொருத்தினோம். மக்னீசிய அனோடு நன்னீருக்கு மட்டுமே. அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் தாமிரம் கலந்த பெயின்ட் அலுமினியத்தின்மேல் படவே கூடாது.

2024 மே மாதக் கடைசியில் படகைக் கரையேற்றியபோது கூடவே போயிருந்தேன். கியர் எண்ணெயில் பால் நிறம் இல்லை. பெல்லோஸ் மடிப்புகளை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தோம், கிழிசல் இல்லை. யூனிட்டைக் கழற்றிக் கம்பியை விட்டதும் இரண்டு விரலில் போயிற்று. அனோடுகள் பாதி கரைந்திருந்தன, புதிது மாற்றினோம்.