சுரம் எழுதும் வேளையில் ஒலி எப்போது வேண்டும்?



தாயகத்தில் நாம் ஆசிரியராகக் கடமையாற்றிய நாட்களில், சொல்வதெழுதல் பாடத்தின்போது பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்வோம். ‘பள்ளி’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘பல்லி’ என்று கை எழுதினால், காது அதனைப் பிடித்துக்கொள்ளும். புலம்பெயர்ந்து ஜேர்மனிக்கு வந்தபின், கணனியில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளைக் கையாளத் தொடங்கிய வேளையில், அந்தப் பழைய பாடத்தையே மீண்டும் கற்க நேர்ந்தது.

எமது பாடசாலை விழாக்களில் வயலின், புல்லாங்குழல் முதலியவற்றை வாசிக்கும் பிள்ளைகள் பலர், இந்நாட்டு இசைப் பள்ளிகளில் ஐந்து கோட்டுக் குறிப்பினைக் கற்றவர்கள். அவர்களுக்காக எமது சுரங்களை அம்முறையில் எழுதிக் கொடுப்பது அவசியமாயிற்று. இதற்கு நாம் பயன்படுத்துவது மியூஸ்கோர் என்னும் இலவச மென்பொருள். ‘என்’ விசையை அழுத்திப் பதியும் நிலைக்குச் செல்லலாம்; ‘5’ விசை கால் சுரத்தைத் தரும்; பின்னர் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையான எழுத்துக்களை அழுத்தச் சுரங்கள் கோட்டில் அமரும். ஒவ்வொரு சுரமும் அமரும்போதே ஒலிக்கும். அவ்வொலி வேண்டாமெனில், விருப்பத் தெரிவுகளில் அதற்குரிய கட்டத்தின் அடையாளத்தை நீக்கிவிடலாம்.

ஒருமுறை விழா ஒத்திகைக்காக மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை எழுத முற்பட்டோம். வீட்டிலே பிள்ளைகள் உறங்கும் நேரம், சுவரோ மெல்லியது. ஆகவே ஒலியை நிறுத்திவிட்டே எழுதினோம். சட்சத்தைச் ‘சி’ என வைத்தால், இந்த இராகத்தின் ரிஷபமும் தைவதமும் அரைச்சுரம் தாழ்ந்து ‘டி பிளாட்’, ‘ஏ பிளாட்’ ஆகும். எமது பிள்ளைகள் இங்கே ‘டெஸ்’, ‘அஸ்’ என்று படிப்பவை இவையே. முதல் வரியில் பிளாட் குறிகளைச் சரியாக இட்டோம். அவை தொடர்ந்து செல்லும் என எண்ணி மிகுதியை விரைவாகப் பதிந்தோம். அங்கேதான் பிழைத்தோம். இடையில் இடும் குறி அந்த அளவுக்கோட்டுடன் முடிந்துவிடும். அடுத்த அளவில் மீண்டும் இடவேண்டும்.

மறுநாள் பிள்ளைகள் தாளில் உள்ளபடியே வாசித்தனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மம்மா, “தம்பி, முதல் வரி சரி. பிறகு சங்கராபரணமெல்லோ கேக்குது!” என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. 15ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளையில் அவ்விரு பிளாட் குறிகளையும் நீக்கினால், எஞ்சுவது 29ஆவது மேளமாகிய சங்கராபரணமே. ஆசிரியர் எழுதியது தவறாயிராது என்று நம்பி வாசித்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து நாம் வெட்கமுற்றோம்.

அன்றிலிருந்து நாம் கைக்கொள்ளும் ஒழுங்கினைக் கீழே தருகின்றோம்.

முதலாவது, புதியதொன்றைப் பதியும்போது ஒலி இருக்கட்டும். எழுத்து விசையை அழுத்தினால் முந்திய சுரத்துக்கு அண்மையிலுள்ள சுரமே அமரும். அதனால் தாரஸ்தாயியில் வரவேண்டியது சில வேளைகளில் கீழே விழும். காது உடனே எச்சரிக்கும். கொன்றோல் விசையுடன் மேல் அம்பை அழுத்தி அதனை ஒரு ஸ்தாயி உயர்த்தலாம். மேலும் ஜேர்மன் முறையில் காகலி நிஷாதத்தின் பெயர் ‘ஹா’. ‘பே’ என்பது அதனிலும் அரைச்சுரம் தாழ்ந்தது. மென்பொருளின் ‘பி’ விசையோ அந்த ‘ஹா’வையே தரும். இங்கு குழம்பும் பிள்ளைக்கு ஒலியே வழிகாட்டி.

இரண்டாவது, பதியும்போது கேட்கும் ஒலி உயரத்தை மட்டுமே சொல்லும். அரைச் சுரமாயினும் கால் சுரமாயினும் அது ஒரே அளவு நேரமே ஒலிக்கும். எனவே தாளம் சரியா என்பதை அதனால் அறிய இயலாது. ஒவ்வோர் ஆவர்த்தனமும் முடிந்தபின், பதியும் நிலையிலிருந்து வெளியேறி, முதற் சுரத்தைத் தெரிவுசெய்து, இடைவெளி விசையை அழுத்திக் கையால் தாளம் போட்டுக் கேளுங்கள். எழுதிய காலப்பிரமாணத்தை மாற்றாமலே வேகத்தைக் குறைத்துக் கேட்கவும் வசதியுண்டு. பல கருவிகள் இருப்பின், கலவைப் பலகையில் மற்றவற்றை மௌனமாக்கி ஒன்றை மட்டும் கேட்கலாம்.

மூன்றாவது, வாசிக்கப் பழகும் பிள்ளை சில வேளைகளில் ஒலியை நிறுத்தியே எழுதவேண்டும். ஒலி இருந்தால் சிலர் குறிப்பைப் பாராது, சரியாகக் கேட்கும்வரை விசைகளை மாறி மாறி அழுத்துவர். அது ஊகம், கல்வியன்று. நான்கு அளவுகளை ஒலியின்றி எழுதி, வாயால் பாடி, அதன்பின் கணனியை ஒலிக்கச் செய்து ஒப்பிடுக. பிழை எத்தனை என்பதைத் தாமே எண்ணிக்கொள்க.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதும்போது “அந்தச் சத்தத்தை நிற்பாட்டு” என்று கூறாது, ஒரு காதணி ஒலிபெருக்கியை வாங்கிக் கொடுங்கள். அன்றிரவு எம்மிடம் அது இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

இறுதியாக ஒன்று. திருத்திய பின்னர் கணனி வாசித்ததை அதே அம்மம்மாவுக்குக் கேட்கக் கொடுத்தோம். “சுரம் சரி, ஆனால் ரிஷபம் அசையவில்லையே” என்றார். ஆம், மாயாமாளவகௌளையின் ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் கமகம் உயிர். கணனி அவற்றை நேர்கோடாக ஒலிக்கும். அந்த அசைவை அவரே பாடிக் காட்ட, பிள்ளைகள் வயலினைத் தாழ்த்தி வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பாடினர். தாளில் அவ்விடங்களில் அலைக்கோடு ஒன்றை வரைந்து, ‘அம்மம்மாவிடம் கேட்கவும்’ எனப் பென்சிலால் எழுதிவைத்தான் ஒரு மாணவன். அக்குறிப்பை நாம் அழிக்கவில்லை.

கேட்டு எழுதுங்கள், எழுதியதைப் பாடுங்கள், பாடியதை மூத்தோரிடம் காட்டுங்கள்.