பதிலாள் பலிக் கோட்பாட்டின் விவிலிய அடிப்படையும் தமிழ்த் திருப்புதலின் சொல்தெரிவும்

முன்னுரை

மனிதர் ஏற்க வேண்டிய தண்டனையை அவர்களுக்குப் பதிலாக இயேசு ஏற்றார் என்பது கிறித்தவ இறையியலின் பதிலாள் பலிக் கோட்பாடு ஆகும். இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும் விவிலியப் பகுதிகளையும், அவற்றைப் பழைய திருப்புதல் தமிழாக்கிய முறையையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது.

பழைய ஏற்பாட்டு வேர்

லேவியராகமம் 16ஆம் அதிகாரம் பாவநிவிர்த்தி நாளுக்குரிய இரு வெள்ளாட்டுக் கடாக்களைப் பற்றிக் கூறுகிறது. ஒன்று கொல்லப்பட்டு, அதன் இரத்தம் கிருபாசனத்தின்மீது தெளிக்கப்படுகிறது. மற்றொன்றின் தலைமீது ஆரோன் கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிடுகிறான். அது அவற்றைச் சுமந்து வனாந்தரம் செல்கிறது. ஆக, பலியாகும் கடா வேறு; பாவம் சுமக்கும் கடா வேறு. இவ்விரு செயல்களும் ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் ஒருவரிடமே இணைகின்றன. அங்குத் துன்புறும் ஊழியர் பலருடைய பாவத்தைச் சுமப்பவராகவும் குற்றநிவாரண பலியாகத் தம்மைத் தருபவராகவும் காட்டப்பெறுகிறார்.

மறைந்த பொருளும் ஏற்றிய பொருளும்

மாற்கு 10:45இன் கிரேக்க மூலத்தில், மீட்புவிலையைக் குறிக்கும் 'லூட்ரான்' என்னும் பெயரை அடுத்து 'அன்டி' என்னும் முன்னிடைச்சொல் வருகிறது. ஏரோதுக்குப் பதிலாக அர்கெலாயு ஆண்டதை மத்தேயு 2:22 குறிப்பதும் இச்சொல்லாலேயே. பழைய திருப்புதலோ பலரை இரண்டாம் வேற்றுமையில் அமைத்து 'மீட்கும் பொருள்' என்கிறது; மீட்பு நிற்க, 'பதிலாக' என்னும் பொருள் மறைகிறது.

ரோமர் 3:25இல் நிகழ்வது இதற்கு மறுதலை. அங்குள்ள 'ஹிலாஸ்டேரியான்' என்னும் சொல், எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் எபிரேயக் 'கப்போரெத்'தை, அதாவது கிருபாசனத்தைக் குறிப்பது. எபிரெயர் 9:5இல் இதே சொல்லைக் 'கிருபாசனம்' என்றே தரும் பழைய திருப்புதல், ரோமரில் 'கிருபாதார பலி' என்கிறது. 1 யோவான் 2:2இல் வரும் 'ஹிலாஸ்மோஸ்' என்னும் வேறொரு சொல்லுக்கும் இதுவே பெயர்ப்பு. இதனால் இரு கிரேக்கச் சொற்கள் தமிழில் ஒன்றாகின்றன. இரத்தம் தெளிக்கப்படும் இடம் என்று கொள்ளத்தக்கது பலி என்றே முடிவுசெய்யப்படுகிறது.

முடிவுரை

மூலம் பதிலாண்மையைச் சுட்டுமிடத்தில் தமிழ் அதனை நெகிழவிட்டுள்ளது; மூலம் இருபொருளுக்கு இடந்தருமிடத்தில் பலிப்பொருளை உறுதிப்படுத்தியுள்ளது. எனவே, கிருபாதார பலி என்னும் தமிழ்ச்சொல்லை மட்டும் கொண்டு இக்கோட்பாட்டை நிறுவுதலும் மறுத்தலும் பொருந்தா. ஏசாயா 53, மாற்கு 10:45 ஆகியனவே அதற்கு உறுதியான சான்றுகள். விவிலியத் தமிழை ஆராய்வோர், திருப்புதலின் ஒவ்வொரு கலைச்சொல்லும் ஒரு விளக்கவுரையே என்பதைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.