மலைக்கு முன் டயரும் பேடும்

மீட்டியர் 350 பைக் வைத்திருக்கிறேன். 22,000 கி.மீ. ஓடிவிட்டது. மனைவியுடன் கொல்லிமலை போகத் திட்டம். பின் டயரை மாற்றும்போது ஒரு அளவு அகலமாகப் போடலாமா? பிரேக் பேட் எதை வாங்குவது?
– வாசகர், சேலம்

அகலம் வேண்டவே வேண்டாம். பின்னால் 140/70-17, அதையே போடுங்கள். அதே ரிம்மில் அகல டயர் பிதுங்கி நிற்கும். வளைவில் வண்டி சாயத் தயங்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1025 என்றால் 2025-ம் ஆண்டின் 10-வது வாரத் தயாரிப்பு. கடையில் வருடக்கணக்கில் கிடந்ததைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புது டயர் முதல் 150 கி.மீ. வரை வழுக்கும். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றி, ஊருக்குள் ஓட்டிப் பழக்குங்கள்.

பேடுக்கு கம்பெனி ஒரிஜினலே போதும். உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் சின்டர்டு பேட் சூட்டையும் மழையையும் நன்றாகத் தாங்கும்தான். ஆனால் டிஸ்க்கைச் சீக்கிரம் தேய்க்கும். எதை வாங்கினாலும் ஜோடியாக மாற்றுங்கள், பிரேக் ஆயிலையும் சேர்த்தே.

மலையிறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.