ஈப்போ வானில் காட்டெருமையும் வல்லூறும்



படிவம் 5 இயற்பியலில் பெர்னூலி கோட்பாட்டை நடத்தும்போது, விமான இறக்கையின் படத்தைப் பலகையில் வரைவேன். ஒருமுறை பின்வரிசை மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், சப்பான்காரன் சண்டையில வெள்ளைக்காரன் விமானமெல்லாம் ரெண்டு மூனு வாரத்துல காணாமப் போச்சுன்னு எங்க கொள்ளுப்பாட்டி சொல்வாங்களாம். அவ்வளவு மட்டமான விமானமா அது?"

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு கதை உண்டு. கதை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் "மட்டமான விமானம்" என்பது முழு விடை அன்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 10ஆம் தேதி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானியக் கடற்படை விமானங்கள் குவாந்தான் கடலில் மூழ்கடித்தன. 11ஆம் தேதி பினாங்கின் ஜோர்ஜ்டவுன் நகரில் குண்டுகள் விழுந்தன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த பொதுமக்கள் பலர் மாண்டனர்.

வடக்கைக் காக்க ஆஸ்திரேலியாவின் 453ஆம் விமானப் படைப்பிரிவு அனுப்பப்பட்டது. அதன் விமானங்கள் சில நாள்கள் ஈப்போ திடலிலிருந்து பறந்தன. பிறகு கோலாலம்பூருக்குப் பின்வாங்கின. டிசம்பர் 22இல் கோலாலம்பூர் வானில் நடந்த சண்டையில் பலத்த இழப்பு. எஞ்சியவை சிங்கப்பூர் திரும்பின. டிசம்பர் முடிவதற்குள் ஈப்போவும் ஜப்பானியர் வசமானது.

இரண்டு விமானங்கள்

453ஆம் பிரிவு ஓட்டியது அமெரிக்கத் தயாரிப்பான பிரூஸ்டர் பஃபலோ. பஃபலோ என்றால் காட்டெருமை. எதிரே வந்தவற்றுள் முக்கியமானது நாகாஜிமா கி-43 ஹயாபுசா. ஜப்பானிய மொழியில் ஹயாபுசா என்பது வல்லூறு இனத்துப் பறவை. மலாயாவில் பறந்த இந்தத் தரைப்படை விமானத்தைப் பலர் கடற்படையின் 'ஜீரோ' என்று தவறாக நினைத்தனர்.

பஃபலோ: எஞ்சின் சுமார் 1,100 குதிரைத்திறன். சுமையோடு எடை சுமார் 3,000 கிலோ. இறக்கைப் பரப்பு 19.4 சதுர மீட்டர்.

ஹயாபுசா: எஞ்சின் சுமார் 970 குதிரைத்திறன். சுமையோடு எடை சுமார் 2,050 கிலோ. இறக்கைப் பரப்பு 22 சதுர மீட்டர்.

எஞ்சின் வலிமையில் பஃபலோதான் மேல். நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் விமானிக்குக் கவசத் தகடும் அதில் இருந்தன. ஹயாபுசாவில் இரண்டே துப்பாக்கிகள், கவசம் இல்லை. பிறகு ஏன் காட்டெருமை தோற்றது?

எஞ்சினின் திறனை மட்டும் பார்க்கக்கூடாது. அது எவ்வளவு எடையைத் தூக்குகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு டன்னுக்குப் பஃபலோவில் கிடைத்தது சுமார் 367 குதிரைத்திறன். ஹயாபுசாவில் சுமார் 473. அதனால் ஹயாபுசா வேகமாக உயரம் ஏறியது.

இறக்கைச் சுமை

எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை. பஃபலோவுக்கு 3,000 ÷ 19.4 = சுமார் 155 கிலோ. ஹயாபுசாவுக்கு 2,050 ÷ 22 = சுமார் 93 கிலோ. அதாவது, பஃபலோ இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான எடையைச் சுமந்தது.

தோட்டத்துச் செம்மண் சாலையில், பின்னால் பால் டின்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வளைவு திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெறும் சைக்கிள் சட்டென்று திரும்பும். சுமை சைக்கிள் அகலமாகத்தான் திரும்பும். விமானம் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்கிறது. அப்போது இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பகுதி மையநோக்கு விசையாகிறது. இறக்கைச் சுமை குறைவாக இருந்தால் சிறிய வட்டத்தில் திரும்பலாம். வான்சண்டையில் சிறிய வட்டத்தில் திரும்புபவர் எதிரியின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார்.

இது விமானிகளுக்கும் புரிந்தது. அவர்கள் கனமான துப்பாக்கிகளைக் கழற்றி இலேசானவற்றைப் பொருத்தினார்கள். பெட்ரோலையும் தோட்டாக்களையும் குறைத்தார்கள். எல்லாம் எடையைக் குறைக்கத்தான்.

நம் வெயிலும் சேர்ந்துகொண்டது. 15 பாகை செல்சியஸில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ. 32 பாகையில் அது சுமார் 1.16 கிலோ. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைவு. மெல்லிய காற்றில் இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு. வெப்பம் ஜப்பானியருக்கும் பொதுதான். ஆனால் ஏற்கெனவே மூச்சுத் திணறும் கனமான விமானத்தைத்தான் அது அதிகம் வாட்டியது.

நான்கு நிமிடம்

குண்டுவீச்சு விமானம் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 6 கிலோமீட்டர். தரையிலுள்ள காவலர் அதை 24 கிலோமீட்டர் தூரத்தில் கண்டால் மீதமிருப்பது நான்கே நிமிடம். பஃபலோ 6 கிலோமீட்டர் உயரம் ஏற எட்டு நிமிடமாவது வேண்டும். ராடார் 100 கிலோமீட்டரில் கண்டுபிடித்தால் ஏறத்தாழ 17 நிமிடம் கிடைத்திருக்கும். ஆனால் அன்று ராடார் சிங்கப்பூர்ப் பகுதியில்தான் இருந்தது. வட மலாயாவில் பல விமானங்கள் மேலே எழும்பும் முன்னரே தரையில் எரிந்தன.

ஓட்டியவர்கள்

எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி, தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்க பட்டர்வொர்த் திடலில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் தயாராயின. ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் முதலில் மேலே எழும்பினார். அடுத்த கணம் ஜப்பானியக் குண்டுகள் திடலில் விழுந்தன; மற்றவை எழும்ப முடியவில்லை. அவர் தனியாகவே சென்று குண்டு வீசினார். திரும்பும் வழியில் படுகாயம். சக வீரர்கள் இருவர் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டார் அருகே விமானத்தை இறக்கினார். அந்த இருவரும் பிழைத்தார்கள். ஸ்கார்ஃப், தம் மனைவி தாதியாக வேலை செய்த மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார். வயது 28. 1946இல் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. அவர் கல்லறை நம் தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் 64ஆம் பிரிவின் தலைவர் மேஜர் கத்தோ தத்தேயோ. சீனாவில் போரிட்ட அனுபவசாலி. ஆஸ்திரேலிய இளைஞர்கள் பலரோ பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். ஆனால் இலேசான விமானத்துக்கும் விலை உண்டு. 1942 மே 22இல் வங்காள விரிகுடாவின் மேல், தனியாக வந்த ஒரு பிளென்ஹைமின் துப்பாக்கிக் குண்டுகள் கத்தோவின் ஹயாபுசாவைத் தீப்பிடிக்க வைத்தன. அவர் கடலில் விழுந்து மாண்டார்.

அப்படியானால் பாடம் என்ன?

இதே பிரூஸ்டரின் இலேசான முந்தைய வகையைக் கொண்டு பின்லாந்து விமானிகள் சோவியத் விமானங்களுக்கு எதிராகப் பெரிய வெற்றி கண்டார்கள். பர்மாவில் செனால்ட் என்பவரின் அமெரிக்கத் தொண்டர்கள் கனமான பி-40 விமானங்களில் ஜப்பானியரை எதிர்த்து நின்றார்கள். அவர்கள் வட்டமடித்துச் சண்டை போடவில்லை. உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் விலகினார்கள். உயரம் என்பது சேமித்த நிலையாற்றல்; பாயும்போது அது இயக்க ஆற்றலாகிறது. அங்கே எடை தடையாகவில்லை.

ஆகவே, விமானம் மட்டுமே தோற்கவில்லை. எச்சரிக்கை ஏற்பாடும் பயிற்சியும் போதவில்லை. அதைவிட, ஜப்பானியருக்கு நல்ல விமானம் கட்டத் தெரியாது, பஃபலோ மலாயாவுக்குப் போதும் என்று மேலிடத்தில் நம்பினார்கள். அளந்து பார்க்காமல் நம்புவது அறிவியலில் தவறான விடையைத் தரும். போரில் அந்தத் தவற்றுக்கு இருபது வயது இளைஞர்களும் தெருவில் வேடிக்கை பார்த்தவர்களும் உயிரைக் கொடுத்தார்கள்.

செய்து பாருங்கள்

1. பி-40இன் எடை சுமார் 3,450 கிலோ. இறக்கைப் பரப்பு 21.9 சதுர மீட்டர். இறக்கைச் சுமையைக் கணக்கிட்டுப் பஃபலோவுடன் ஒப்பிடுங்கள்.

2. ஒரே மாதிரி இரண்டு காகித விமானங்கள் செய்யுங்கள். ஒன்றின் நடுப்பகுதியில் மட்டும் இரண்டு காகிதக் கிளிப்புகளை மாட்டுங்கள். இரண்டும் மிதக்க எந்த வேகம் தேவை என்று எறிந்து பாருங்கள்.

3. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், 'சப்பான் காலம்' பற்றித் தங்கள் பெற்றோர் சொன்னதைக் கேட்டு எழுதி வையுங்கள். நம் தோட்டங்கள் பல இன்று இல்லை. அந்தக் கதைகளும் இல்லாமல் போய்விடக் கூடாது.