குட்டைக் கால் விமானம்

"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்பது பழமொழி. போயிங் 737 என்னும் ஜெட் விமானத்துக்கு இது நன்கு பொருந்தும்.

1960-களில் அருகருகே உள்ள நகரங்களுக்கு இடையே பறக்கச் சிறிய ஜெட் விமானங்கள் தேவைப்பட்டன. டி.சி.9, பி.ஏ.சி. 1-11 ஆகிய இரண்டும் 1965-லேயே பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. அமெரிக்காவின் போயிங் நிறுவனமோ அந்த ஆண்டில்தான் 737-ஐத் தயாரிக்க முடிவு செய்தது.

போட்டி விமானங்களில் எஞ்சின்கள் வாலருகே இருந்தன. ஜோ சட்டர் என்ற பொறியாளர் அவற்றை இறக்கைகளின் அடியில் ஒட்டினாற்போல் பொருத்தினார். இதனால் உள்ளே கூடுதல் இருக்கைகளுக்கு இடம் கிடைத்தது. மற்றவற்றில் வரிசைக்கு ஐவர் அமர, இதில் அறுவர் அமர்ந்தனர்.

விமானத்தின் சக்கரக் கால்களும் குட்டையானவை. ஆகவே தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்றலாம். எஞ்சினைப் பழுதுபார்க்க உயரமான ஏணி வேண்டியதில்லை. வசதி குறைந்த சிறு விமான நிலையங்களுக்கு இது பெரிய உதவியாயிற்று.

9-4-1967 அன்று முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தை, 1968-இல் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் சேவையில் ஈடுபடுத்தியது. 1970-களின் தொடக்கத்தில் விற்பனை மிகவும் தளர்ந்தது. ஆயினும் போயிங் தயாரிப்பைக் கைவிடவில்லை. நம் நாட்டின் இந்தியன் ஏர்லைன்ஸும் இதை வாங்கிப் பல ஆண்டுகள் இயக்கியது.

1984-இல் 737-300 பறந்தது. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் அதன் புதிய எஞ்சின் பருமனானது. குட்டைக் கால்களால் அதற்குத் தரைமேல் போதிய இடமில்லை. எனவே எஞ்சின் உறையின் அடிப்பாகத்தைத் தட்டையாக்கிச் சமாளித்தனர். விற்பனை பெருகியது. 2018 மார்ச்சில் 10,000-ஆவது 737 தயாராயிற்று.

ஆனால் முன்பு நன்மை தந்த குட்டைக் கால்களே பின்பு இடையூறாயின. 737 மாக்ஸ் விமானத்துக்கு இன்னும் பெரிய எஞ்சின் வந்தபோது, அதை முன்னே நகர்த்தி உயர்த்திப் பொருத்தினர். அதனால் சில நிலைகளில் மூக்கு மேலெழும் போக்கு ஏற்பட, அதைத் தாழ்த்த ஒரு தானியங்கி அமைப்பைச் சேர்த்தனர். ஒரே உணர்கருவி தந்த தவறான அளவை நம்பி அது மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. விமானிகளுக்கு அதைப்பற்றிப் போதிய விளக்கம் தரப்பட்டிருக்கவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் நேர்ந்த இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர். உலகெங்கும் மாக்ஸ் விமானங்கள் நிறுத்தப்பட்டன. திருத்தங்களுக்குப் பின் 2020 இறுதியில்தான் மீண்டும் பயணிகளுடன் பறக்கத் தொடங்கின.

அன்பு மாணவியரே! 10,000 என்ற எண்ணைச் சொல்லும்போது 346 என்ற எண்ணையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய வெற்றியின் மேல் புதியதைக் கட்டுகிறவர்கள், அடித்தளம் அதைத் தாங்குமா என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பது கடமை.